போர்க்களத்துக்கு அரிசியும் டீசலும்: ராணுவ சப்ளை அதிகாரியாக விரும்பும் சென்னைப் பிள்ளைகளுக்கு

பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குப் போக ஆசைப்படும் கல்லூரிப் பிள்ளைகளிடம் எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டால், காலாட்படை, பீரங்கிப் படை, டாங்கி என்றுதான் பதில் வருகிறது. உணவும் எரிபொருளும் கொண்டுசேர்க்கும் ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது ஏ.எஸ்.சி, பலருக்குக் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. "மளிகைக் கணக்குப் பார்க்கவா பட்டாளத்துக்குப் போறே?" என்று கேட்கும் பெரியவர்களும் வீட்டில் உண்டு. அந்த வேலையைத் தெரிந்தே தேர்ந்தெடுக்க நினைக்கும் பிள்ளைகளுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

போர் வந்தால் எந்த நாட்டிலும் அதிகாரிகளின் பயிற்சிக் காலம் சுருங்கும். 1962 சீனப் போரில் நம்மிடம் அதிகாரிகள் போதவில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. அவசரகால அதிகாரிகளைச் சீக்கிரம் தயார்செய்வதற்காக 1963இல் சென்னையிலும் புனேயிலும் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. புனேப் பள்ளி மூடப்பட்டது. சென்னைப் பள்ளி நிலைத்து, 1988இல் அகாடமி என்று பெயர் மாறியது. அதற்கு முன் இரண்டாம் உலகப் போரின்போதும் இதுதான் நடந்தது. 1939இல் சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம் 1945இல் 25 லட்சத்தைத் தொட்டது. அத்தனை பேருக்கும் சாப்பாடும் பெட்ரோலும் கொண்டுபோக, நேற்றுவரை கல்லூரியிலும் அலுவலகத்திலும் இருந்தவர்களை அதிகாரிகளாக்க வேண்டியிருந்தது.

பயிற்சி சுருங்கும்போது துப்பாக்கிப் பயிற்சியையும் அணிவகுப்பையும் எப்படியாவது உள்ளே வைத்துவிடுவார்கள். கண்பார்வையில் எடை மதிப்பிடுவது, சாலையைப் பார்த்ததும் லாரி எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று சொல்வது, சமையல்காரரிடமும் ஓட்டுநரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்வது போன்றவற்றுக்கு நேரம் இருக்காது. ஆகவே அவற்றை அகாடமிக்குள் நுழையும் முன்பே பழகிக்கொள்ளுங்கள். அதற்குச் சென்னையைப் போல வசதியான ஊர் குறைவு.

முதல் படி: எந்தப் பிரிவு எதைக் கொடுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

'சப்ளை' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று பிரிவுகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ரேஷன், எரிபொருள், அவற்றை ஏற்றிச் செல்லும் லாரிகள், மலையில் கோவேறு கழுதைகள், விமானத்திலிருந்து பாராசூட்டில் போடும் சரக்கைக் கட்டித் தருவது ஆகியவை ஏ.எஸ்.சி வேலை. துப்பாக்கி, வெடிமருந்து, உடை, உதிரிபாகம் ஆகியவை ஆர்டனன்ஸ் கோர் கையில் இருக்கின்றன. பழுது பார்ப்பது ஈ.எம்.ஈ என்ற மின், இயந்திரப் பொறியாளர் பிரிவு. ஏ.எஸ்.சி அதிகாரிகளுக்கான கல்லூரி பெங்களூருவில், ஆர்டனன்ஸ் கல்லூரி ஜபல்பூரில்.

நம் ஊரிலேயே இவற்றின் தடயங்கள் இருக்கின்றன. ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் படைவீரர்களுக்கு உடை தைக்கும் தொழிற்சாலையும் உள்ளன. மலைச் சாலைகளில் ராணுவச் சரக்கைச் சுமக்கும் 'ஸ்டாலியன்' லாரி, எண்ணூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் அசோக் லேலண்டின் வடிவமைப்பு. ஆவடியில் செய்த டாங்கி லடாக்கில் ஓடுவதற்கு டீசல் யார் தருகிறார்கள் என்று யோசித்தாலே ஏ.எஸ்.சி.யின் இடம் புரிந்துவிடும்.

இரண்டாம் படி: உள்ளே போகும் வழி

பட்டப்படிப்பு முடித்தவர்களும் கடைசி வருடம் படிப்பவர்களும் யூ.பி.எஸ்.சி நடத்தும் சி.டி.எஸ் (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வை எழுதலாம். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும், சென்னையிலேயே எழுதலாம். பரங்கிமலை அகாடமிக்கு மட்டும் விண்ணப்பித்தால் ஆங்கிலம், பொது அறிவு என்று இரண்டே தாள்கள், தாளுக்கு 100 மதிப்பெண். கணிதத் தாள் கிடையாது. (கணக்கே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை, அடுத்த படியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.) கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்து 'சி' சான்றிதழ் வாங்கியவர்கள், எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே நேர்காணலுக்குப் போகும் தனி வழி இருக்கிறது. வயது வரம்பை ஒவ்வோர் அறிவிப்பிலும் பிறந்த தேதியோடு கொடுப்பார்கள். போன வருட அறிவிப்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

அதன்பின் எஸ்.எஸ்.பி, அதாவது படை அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் நேர்காணல், ஐந்து நாள். பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ், ஜலந்தர் ஆகிய இடங்களில் ஒன்றுக்கு அழைப்பு வரும். முதல் நாள் வடிகட்டல். அதைத் தாண்டினால் உளவியல் சோதனைகள், திறந்தவெளியில் குழுப் பணிகள், தனி நேர்காணல், கடைசி நாள் எல்லா அதிகாரிகளும் கூடி எடுக்கும் முடிவு. குழுப் பணிகளில் கயிறு, பலகை, பீப்பாய் கொடுத்து ஒரு பாரத்தைத் தடைகளுக்கு மேல் கடத்தச் சொல்வார்கள். பல பிள்ளைகள் பாரத்தை மறந்துவிட்டுத் தாங்கள் மட்டும் தாண்டிவிடுகிறார்கள். சப்ளை அதிகாரியாக நினைப்பவர் பாரத்திலிருந்து யோசனையைத் தொடங்க வேண்டும்.

பரங்கிமலையில் பயிற்சி 49 வாரம். 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். ஏ.எஸ்.சி உட்பட ஆயுதப் போரில் நேரடியாக ஈடுபடாத பிரிவுகளில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தர வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே மகள் விரும்பிக் கேட்டால் பெற்றோர் தயங்கக் காரணமில்லை. பிரிவு ஒதுக்கீடு பயிற்சியின் இறுதிக் கட்டத்தில் நடக்கும். உங்கள் விருப்பம், தகுதி வரிசை, காலியிடம் மூன்றையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கேட்டது கிடைத்தே தீரும் என்று எண்ணிப் போகாதீர்கள். பரங்கிமலை வழியாகக் கிடைக்கும் நிரந்தரமில்லாத (ஷார்ட் சர்வீஸ்) பணியில் 10 வருடம், அதற்குமேல் 4 வருடம் நீட்டிக்கலாம்.

இந்தி பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள். நேர்காணல் ஆங்கிலத்தில் நடக்கும், இந்தி தெரியாததால் யாரையும் கழிப்பதில்லை. ஆனால் நாளை உங்கள் கீழ் இருக்கப்போகும் ஓட்டுநர் கார்வாலிலிருந்து வந்திருப்பார், ஸ்டோர் பார்ப்பவர் பீகாரிலிருந்து. லாரியில் பிரேக் சரியில்லை என்று அந்த ஓட்டுநர் சொல்வது உங்களுக்குப் புரிய வேண்டும். இப்போதே பேச்சு இந்தியைக் கற்கத் தொடங்குங்கள். இலக்கணம் பிறகு வரட்டும்.

மூன்றாம் படி: ஒரு நாள் தேவையை எடையாக மாற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் 600 பேர் கொண்ட ஒரு படைப்பிரிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே தரும் எண்கள் பழகுவதற்காக நான் வைத்த எண்கள், ராணுவ அளவுகள் அல்ல.

ஒருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் 5 லிட்டர் தண்ணீர் என்றால் 3,000 லிட்டர், அதாவது 3 டன். பொட்டலம் கட்டும் பொருளோடு சேர்த்து ஒருவருக்கு ஒன்றரைக் கிலோ உணவு என்றால் 900 கிலோ. அடுப்புக்கும் குளிர்காயவும் மண்ணெண்ணெய் அரைக் கிலோ என்றால் 300 கிலோ. இதுவரை 4.2 டன். வண்டிகளுக்கும் ஜெனரேட்டருக்கும் டீசல், மருந்து, பேட்டரி, தபால், கூடாரம் எல்லாம் சேர்த்து 1.8 டன் என்று வைத்தால், நாளுக்கு 6 டன். மாதத்துக்கு 180 டன். 6 டன்னில் பாதி தண்ணீர் என்பதைக் கவனியுங்கள். அருகில் ஓர் ஓடையும் அதைச் சுத்தம் செய்யக் கருவியும் இருந்தால் உங்கள் வேலை பாதியாகிவிடும். வரைபடத்தில் நீர்நிலையை முதலில் தேடச் சொல்வது இதனால்தான்.

இப்போது லாரிக் கணக்கு. 5 டன் லாரி என்றாலும் மோசமான மலைச் சாலையில் 3 டன்தான் ஏற்றுகிறீர்கள். நாளுக்கு 2 லோடு வேண்டும். தூரம் 160 கி.மீ. மலையில் சராசரி வேகம் மணிக்கு 20 கி.மீ என்றால் ஏறவே 8 மணி நேரம். இரவில் ஓட்டக் கூடாது. ஒரு நாள் ஏற்றம், மறுநாள் இறக்கம், மூன்றாம் நாள் லோடு ஏற்றுதலும் வண்டிப் பராமரிப்பும். ஆக ஒரு லாரி மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் மேலே போகிறது. நாளுக்கு 2 லோடு கொடுக்க 6 லாரி தேவை. நாலில் ஒன்று எப்போதும் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் என்று வைத்தால் 8 லாரி கையில் இருக்க வேண்டும்.

புதியவர்கள் இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். அந்த மாதத்தில் 5 நாள் நிலச்சரிவால் சாலை அடைபட்டால் என்ன ஆகும்? 180 டன்னை 25 நாளில் கொண்டுபோக வேண்டும். நாளுக்கு 7.2 டன், சராசரியாக 2.4 லோடு. மூன்று நாள் சுற்றுக்கு 7.2 லாரி, ஒர்க்‌ஷாப்பில் நிற்பதையும் சேர்த்தால் 10 லாரி. அதோடு அந்த 5 நாளும் மேலே இருப்பவர்கள் பட்டினி கிடக்காமல் இருக்க 30 டன் சரக்கு முன்கூட்டியே மலைமேல் இருக்க வேண்டும். 30 டன்னை மழைபடாமல், எலி தின்னாமல் எங்கே வைப்பீர்கள்? யார் காவல்? பனிக்காலத்தில் லடாக் சாலைகள் அடைபடும் முன், கோடையிலேயே மாதக்கணக்கில் சரக்கு ஏற்றி வைப்பது இந்தக் கேள்விகளின் பெரிய வடிவம்தான்.

இதே கணக்கை ஒவ்வொரு வாரமும் எண்களை மாற்றிப் போடுங்கள். லாரி போகாத கடைசி 10 கி.மீ.க்குக் கோவேறு கழுதை என்று வையுங்கள். ஒரு கழுதை சுமார் 70 கிலோ சுமக்கும், ஆனால் அதற்குத் தீவனமும் தண்ணீரும் யாராவது சுமந்தாக வேண்டும். இது பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். 1939இல் இந்தியாவிலிருந்து பிரான்சுக்குப் போன கோவேறு கழுதைப் படையினர் பிரிட்டிஷ் படை பின்வாங்கிக் கப்பலேறிய டன்கிர்க் துறைமுகம் வரை போனவர்கள். நம் ராணுவம் இன்னும் மலைகளில் இந்த விலங்குகளை வைத்திருக்கிறது.

லாரியும் தனக்கே எரிபொருள் குடிக்கும். 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் அமெரிக்கப் படைகளுக்குச் சரக்கு கொண்டுபோன 'ரெட் பால்' லாரித் தொடர் பெரிய சாதனை. அதன் ஓட்டுநர்களில் பெரும்பான்மையோர் கறுப்பின வீரர்கள். இரவு பகலாக ஓட்டினார்கள். ஆனால் படை முன்னேற முன்னேற லாரி ஓடும் தூரம் கூடியது, பெட்ரோலில் பெரும்பங்கை லாரிகளே குடித்தன, டயர்கள் தேய்ந்து போயின. உங்கள் நோட்டில் லாரியின் டீசலுக்கும் டயருக்கும் தனி வரி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

நான்காம் படி: சென்னையைச் சுற்றிப் பாருங்கள்

கோயம்பேடு காய்கறிச் சந்தைக்கு நள்ளிரவு தாண்டிப் போங்கள். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரிகள் வந்து நிற்கும். ஒரு லாரியைத் தேர்ந்தெடுத்து, அது நின்றதிலிருந்து காலியாகிப் புறப்படும்வரை கடிகாரம் பாருங்கள். எத்தனை பேர் இறக்கினார்கள், மூட்டை எவ்வளவு எடை, தக்காளிப் பெட்டியை எத்தனை அடுக்குக்கு மேல் அடுக்கவில்லை, ஏன்? சுமை இறக்கும் அண்ணன்களிடம் மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள். வேலை மும்முரமாக இருக்கும்போது குறுக்கே நிற்காமல், டீ குடிக்கும் நேரத்தில் கேளுங்கள். லாரி சாலையில் ஓடும் நேரத்தைவிட வாசலில் காத்து நிற்கும் நேரம்தான் பல சமயம் கணக்கைக் கெடுக்கிறது என்பது அங்கே புரியும். துறைமுகத்துக்குப் போகும் எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். முதல் உலகப் போரில் மெசபொடேமியாவுக்கு (இன்றைய இராக்) போன இந்தியப் படைக்குப் பாஸ்ரா துறைமுகத்தில் இதே நெருக்கடி. கப்பல்கள் சரக்கோடு நாள்கணக்கில் காத்து நிற்க, ஆற்றின் மேல்பகுதியில் படைகளுக்குச் சாப்பாடும் மருந்தும் இல்லை.

அடுத்தது கல்யாண மண்டபச் சமையலறை. 1,000 பேருக்குச் சமைக்கும் மாஸ்டரிடம் ஒரு நாள் அனுமதி கேட்டு உட்காருங்கள். அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, விறகோ கேஸோ எவ்வளவு, எத்தனை மணிக்கு அடுப்பு பற்ற வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். "தண்ணி லாரி வரலேன்னா என்ன பண்ணுவீங்க மாஸ்டர்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எழுதி வையுங்கள். ராணுவச் சமையற்கூடத்தை 'லங்கர்' என்பார்கள். அங்கே உள்ள சமையல்காரரிடம் நாளை நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளும் இவைதான்.

மூன்றாவதாக 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். மீனம்பாக்கம் விமான நிலையம் சில நாள் மூடப்பட்டது. அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ராஜாளி விமானத் தளம் மாற்று விமான நிலையமாகப் பயன்பட்டது. அடையாற்றுக் கரையில் எந்தப் பாலம் மூழ்கியது, உங்கள் தெருவுக்குப் பால் எப்படி வந்தது, எந்த மேட்டில் சரக்கை இறக்கியிருக்கலாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து ஒரு வரைபடம் போடுங்கள். வேளச்சேரியில் 300 குடும்பம் மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, நீங்கள் தாம்பரத்தில் இருக்கிறீர்கள், கையில் நாலு லாரியும் இரண்டு படகும் இருக்கின்றன என்று வைத்துத் திட்டம் எழுதுங்கள். எழுதியதை அந்தப் பகுதியில் வளர்ந்த யாரிடமாவது காட்டுங்கள். நீங்கள் பாதை என்று குறித்த இடத்தில் கழுத்தளவு தண்ணீர் நின்றதை அவர் சொல்வார். ராணுவத்தில் 'ரெக்கி' என்று முதலில் ஆள் போய்ப் பாதையைப் பார்த்து வரும் வேலைக்கு இதைவிட நல்ல அறிமுகம் எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் படி: போர்களைச் சப்ளைப் பக்கத்திலிருந்து படியுங்கள்

போர் வரலாறு படிக்கும்போது யார் ஜெயித்தார் என்று தேடாமல், அன்று காலை அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று தேடுங்கள். தொடங்குவதற்குச் சில நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

முதலாவது கூட் முற்றுகை. இதை ஒவ்வொரு சப்ளை அதிகாரியும் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1915 டிசம்பரில் இன்றைய இராக்கில் கூட் என்ற ஊரில், ஜெனரல் டவுன்ஷெண்டின் கீழ் இருந்த பிரிட்டிஷ், இந்திய வீரர்களைத் துருக்கிப் படை சூழ்ந்துகொண்டது. கையிருப்பு ஓரிரு மாதத்துக்குத்தான் என்று அவர் மேலிடத்துக்குத் தெரிவித்தார். உடனே மீட்க வேண்டும் என்ற பதற்றத்தில், முழுதாகக் கூடிச் சேராத படைகளை ஜனவரியில் அவசரமாக அனுப்பித் தாக்கச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான வீரர்கள் மாண்டார்கள், காயப்பட்டார்கள். காயம்பட்டவர்களைக் கொண்டுவரப் போதிய படகும் வண்டியும் மருத்துவமும் இல்லை. ஜனவரி கடைசியில் ஊருக்குள் வீடுவீடாகத் தேடி, கிடைத்த தானியத்தையும் எண்ணிப் பார்த்தபோது, 84 நாளுக்குத் தாங்கும் என்று புதுக் கணக்கு வந்தது. தொடக்கத்திலேயே ஊரை முழுதாக எண்ணியிருந்தால் மீட்புப் படை நிதானமாகத் திரண்டிருக்கும். அரிசி மூட்டையையும் பார்லி மூட்டையையும் சரியாக எண்ணாததற்கு ஆற்றங்கரையில் வேறு யாரோ உயிரைக் கொடுத்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் இதைக் கோபத்தோடு படிக்க வேண்டும்.

அதே கூட் உணவுப் பட்டியலும் பாடம்தான். வெள்ளை மாவு தின்ற பிரிட்டிஷ் வீரர்களுக்குச் சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோய் வந்தது. முழு கோதுமை ஆட்டா தின்ற இந்திய வீரர்களுக்கு அது வரவில்லை. ஆனால் காய்கறி இல்லாததால் ஈறில் ரத்தம் வடியும் ஸ்கர்வி வந்தது. குதிரை இறைச்சியைச் சாப்பிட இந்திய வீரர்களில் பலர் நீண்ட நாள் மறுத்தார்கள். எடையில் சரியாக இருக்கும் ரேஷன், உடலுக்கும் மனசுக்கும் சரியாக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. மைசூரில் 1961இல் தொடங்கிய பாதுகாப்பு உணவு ஆய்வகம், கெடாத பொட்டலச் சாப்பாட்டில் நம் ஊர்ச் சுவைகளையும் கொண்டுவர உழைப்பதன் அருமை இதைப் படித்தால் தெரியும். 1916 ஏப்ரல் 29 அன்று கூட் சரணடைந்தது. சுமார் 13,000 பேர் கைதிகளானார்கள்.

சரக்கை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பதற்கு நாம் இராக் வரை போக வேண்டாம். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே கடலில் வந்து நின்று சுட்டதும், துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. எதிரி தேடி வந்தது எரிபொருளைத்தான். குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு உயர் நீதிமன்ற மதில் பக்கம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். 1982 ஃபாக்லாண்டு போரில் மே 25 அன்று, பிரிட்டனின் சரக்குக் கப்பல் 'அட்லாண்டிக் கன்வேயர்' ஏவுகணை தாக்கி அழிந்தது. அதில் வந்த நான்கு சினூக் ஹெலிகாப்டர்களில் மூன்று போயின. வானில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. கூடாரங்களும் போயின. ஹெலிகாப்டரில் போக இருந்த வீரர்களில் பலர் சுமார் 90 கி.மீ தூரத்தை முதுகுச் சுமையோடு நடந்து கடந்தார்கள்.

1962 சீனப் போரைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். இன்றைய அருணாசலப் பிரதேச எல்லையில் உள்ள நம்கா சூ ஆற்றங்கரைக்கு அவசரமாக அனுப்பிய வீரர்களிடம் பருத்தி உடையும் கேன்வாஸ் ஷூவும் இருந்தன. சாங்தர் என்ற சிறிய மலைமேட்டில் விமானத்திலிருந்து போட்ட சரக்கில் பெரும்பகுதி பள்ளத்தாக்குகளில் விழுந்து கைக்கு எட்டாமல் போனது. விமானத்தில் எத்தனை டன் ஏற்றினோம் என்ற கணக்கு சரியாக இருந்தாலும் வீரன் கைக்கு எத்தனை டன் போய்ச் சேர்ந்தது என்பதே உண்மைக் கணக்கு. இதற்கு நேர் எதிராக, 1944இல் பர்மா எல்லையில் ஜெனரல் ஸ்லிமின் படைக்குப் பாராசூட் துணி கிடைக்காதபோது, வங்காளத்துச் சணல் ஆலைகளில் சணலாலேயே பாராசூட் செய்து சரக்குப் போட்டார்கள். மனிதரை இறக்க அது ஆகாது. அரிசி மூட்டையை இறக்கப் போதுமானது. இருக்கும் பொருளை வைத்து எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று பிரித்தறிய அந்த அதிகாரிகள் எப்படிப் பழகினார்கள் என்று தேடிப் படியுங்கள்.

ஆறாம் படி: உடல்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சப்ளை அதிகாரிக்கு மேசை வேலை என்று நம்பி வருபவர்கள் அகாடமியில் திணறுகிறார்கள். காலாட்படைக்குப் போகிறவரும் நீங்களும் ஒரே பயிற்சியைத்தான் பெறுகிறீர்கள். மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ மணலில் ஓடிப் பழகுங்கள், 2.4 கி.மீ.க்கு நேரம் குறித்து வையுங்கள், நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். முதுகில் பாரத்தோடு நீண்ட தூரம் நடக்கப் பழகுங்கள். சென்னைப் புழுக்கத்தில் காலை ஆறு மணிக்கு முன் முடித்துவிடுவது நல்லது.

ஏழாம் படி: பரங்கிமலையிலும் பெங்களூருவிலும்

அகாடமியின் அணிவகுப்புத் திடலுக்கு, 1987இல் இலங்கையில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் அங்கே பயின்றவர். களப்பயிற்சி நடக்கும்போது உங்கள் குழுவுக்குத் தண்ணீரும் சாப்பாடும் எப்படி வந்தன என்று கவனியுங்கள். தாமதமானால் ஏன் என்று கேளுங்கள். தூக்கம் கெட்டு, மழையில் நனைந்து நிற்கும்போது சூடான டீ வந்தால் குழுவின் முகம் எப்படி மாறுகிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அதை வகுப்பறையில் யாராலும் கற்பிக்க முடியாது.

பணியேற்ற பிறகு ஏ.எஸ்.சி இளம் அதிகாரிகளுக்குப் பெங்களூரு கல்லூரியில் துறைப் பயிற்சி. ரேஷன் தரம் பார்ப்பது, எரிபொருளைக் கையாள்வது, லாரித் தொடரை நடத்துவது எல்லாம் அங்கே முறையாக வரும். சில காலம் காலாட்படைப் பிரிவோடு இணைத்து அனுப்புவதும் வழக்கம். அந்தக் காலத்தை எப்போது முடியும் என்று எண்ணிக் கழிக்காதீர்கள். காவல் முனையில் நிற்பவன் எதை முதலில் கேட்கிறான், எது தாமதமானால் வாய் திறக்காமல் வாடுகிறான் என்று அங்கேதான் தெரியும்.

எட்டாம் படி: முதல் பொறுப்பேற்பு

உங்கள் முதல் ஸ்டோரையோ எரிபொருள் டிப்போவையோ பொறுப்பேற்கும் நாளில் சுபேதார் சாப் ஒருவர், அதாவது சிப்பாயாகச் சேர்ந்து உயர்ந்த மூத்தவர், உடன் இருப்பார். உங்கள் வயதைவிட அவருடைய சேவைக் காலம் அதிகமாக இருக்கலாம். அவருக்கு உரிய மரியாதையோடு, "சாப், நீங்க எப்படி எண்ணுவீங்களோ அப்படியே எனக்குக் காட்டுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலானோர் மகிழ்ந்து கற்றுத் தருவார்கள்.

லெட்ஜரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். மூட்டைகளின் அடுக்கைக் கீழ் வரிசையிலிருந்து எண்ணுங்கள். நடுவில் வெற்றிடம் இருக்கிறதா என்று ஓரிரு அடுக்கைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில மூட்டைகளைத் தராசில் ஏற்றுங்கள். டப்பாக்களில் காலாவதித் தேதியைப் பாருங்கள். பழையது முன்னால், புதியது பின்னால் இருக்க வேண்டும். ஜெர்ரிகேன்களைத் தட்டிப் பாருங்கள், மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள், அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று சோதியுங்கள். தீயணைப்பு மணல் வாளியில் மணல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எண்ணிக்கை குறைந்தால் அன்றைக்கே எழுத்தில் மேலதிகாரிக்குத் தெரிவியுங்கள். கூடினாலும் தெரிவியுங்கள், கணக்கில் வராத சரக்கு கையில் இருப்பதும் தவறான கணக்குத்தான், கூட் முற்றுகையில் நடந்தது அதுதான். உங்களுக்கு முன் இருந்த அதிகாரி கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். பொறுப்பேற்க ஒரு நாள் கொடுத்திருந்து, எண்ண இரண்டு நாள் தேவைப்பட்டால், இரண்டு நாள் வேண்டும் என்று காரணத்தோடு எழுதிக் கேளுங்கள். எண்ணி முடித்த பிறகு, மூன்றாம் படியில் சொன்ன நோட்டை எடுத்து, உங்கள் கீழ் சாப்பிடும் ஆட்களின் உண்மை எண்ணிக்கையைப் போட்டு, சாலை இன்றிரவு அடைபட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்கிடுங்கள். அந்த எண்ணையும் அன்றைய தேதியையும் முதல் பக்கத்தில் எழுதி, அடுத்த இன்டென்ட்டை (சரக்குக் கேட்டு அனுப்பும் பட்டியலை) அதிலிருந்து தயாரியுங்கள்.